வீணை விரிசலோடு வந்தது, "பேக்கிங் சரியில்லை" என்று கூரியர் கிளெய்மை மறுத்துவிட்டது: இனி வழி உண்டா?

#1 · குடமும்தண்டியும் · 4 அக்டோபர் 2025, காலை 9.12

தஞ்சாவூர்ல இருந்து பெங்களூருக்கு ஒரு ஏகாண்ட (ஒரே கட்டையில குடைஞ்ச) வீணை. விலை 38,000. ஆகஸ்ட் 12 புக்கிங், தரைவழி, கட்டணம் 1,850. அனுப்பினது வீணை செஞ்சவர். 18-ம் தேதி வந்துச்சு. பெட்டியில ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஓ.டி.பி. சொன்னாதான் இறக்குவேன்னு டெலிவரி பையன் சொன்னதால சொல்லிட்டேன். பிரிச்சா குடத்துல (வீணையோட உருண்டைப் பகுதி) ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், மறுமுனையில செதுக்கின யாளி முகத்துல ஒரு சில்லு போயிருக்கு, மெழுகு இளகி ரெண்டு மெட்டு (ஸ்வரக் கம்பி) நகர்ந்திருக்கு. அன்னைக்கே போட்டோவோட மெயில் போட்டேன்.

செப்டம்பர் 26 பதில்: பேக்கிங் போதாது, உடையும் பொருள், ஓனர் ரிஸ்க் (சேதமானா உரிமையாளர் பொறுப்பு), ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் இல்லை, எப்படியும் எங்கள் விதிப்படி உச்சவரம்பு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை வாங்க ஒரு படிவத்துல கையெழுத்துக் கேக்குறாங்க. அவ்வளவுதானா?

#2 · சரக்குமேசை · 4 அக்டோபர், காலை 11.40

அவ்வளவுதான் இல்லை. முதல்ல மூணு விஷயம். அந்தப் படிவத்துல கையெழுத்துப் போடாதீங்க. பெட்டி, உள்ளே இருந்த பஞ்சு, ஃபோம், டேப் உட்பட எதையும் தூக்கிப் போடாதீங்க. வீணையை இப்போதைக்கு ரிப்பேருக்குக் குடுக்காதீங்க.

"பொருளை ஆய்வுக்கு வைத்திருக்கிறேன், 7 நாளில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம், வரவில்லை என்றால் மதிப்பீடு வாங்கி ரிப்பேர் தொடங்குவேன்" என்று இன்னைக்கே ஒரு மெயில். பெரும்பாலும் யாரும் வர மாட்டாங்க. வரலைங்கிறது பின்னாடி உங்களுக்குத்தான் உதவும். பொருளை நேர்ல பாக்காமலே "பேக்கிங் போதாது"ன்னு முடிவு பண்ணினாங்கன்னு அப்பதான் சொல்ல முடியும்.

#3 · சரக்குமேசை · 4 அக்டோபர், இரவு 8.05

பேக்கிங் காரணத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவா. கிளெய்ம் மேசையில பொதுவா நடக்கிறது இதுதான்: வாடிக்கையாளர் அனுப்பின போட்டோவுல வெளிப்பெட்டி நல்லா தெரிஞ்சா "வெளியே சேதமில்லை, எனவே உள் பேக்கிங் குறை". பெட்டி நசுங்கித் தெரிஞ்சா "பெட்டி வலுவில்லை, எனவே பேக்கிங் குறை". ரெண்டு பக்கமும் ஒரே பதில். அதனால "பேக்கிங் நல்லா இருந்தது"ன்னு வெறுமனே வாதாடுறதுல பலன் இல்லை. கீழே உள்ளதைச் சேகரிங்க.

நசுங்கின மூலை எது, விரிசல் எந்தப் பக்கம்? பெட்டியில வீணை எந்தத் திசையில படுத்திருந்ததுன்னு பேனாவால பெட்டி மேலேயே குறிச்சு, ஒரே போட்டோவுல ரெண்டும் தெரியற மாதிரி எடுங்க. குடம் இருந்த முனையில மூலை நசுங்கியிருந்தா, அந்த முனை கீழே மோதினதுன்னு படமே சொல்லும். எதிர்முனை நசுங்கி குடம் விரிஞ்சிருந்தா வாதம் பலவீனம். பொருள் உள்ளே நகர்ந்ததுன்னு அவங்க சொல்ல இடமிருக்கு. அதை முதல்லயே தெரிஞ்சுக்கங்க.

அடுத்தது பெட்டி அளவு. ரசீதுல எடை என்ன போட்டிருக்கு?

#4 · குடமும்தண்டியும் · 4 அக்டோபர், இரவு 9.30

55 கிலோன்னு இருக்கு. வீணையும் பெட்டியும் சேர்ந்து 14 கிலோதான் இருக்கும். அப்பவே அதிகமா வாங்கிட்டாங்கன்னு நினைச்சோம்.

#5 · சரக்குமேசை · 5 அக்டோபர், காலை 7.20

அதிகமா வாங்கலை, அது கொள்ளளவு எடை, பெட்டி அடைக்கிற இடத்தை எடையா மாத்துற கணக்கு. உங்க பெட்டி 135 × 45 × 45 செ.மீ. அளவுல இருந்தா 2,73,375 கன செ.மீ.; 5,000-ஆல வகுத்தா 54.67, அதை 55 ஆக்கியிருக்காங்க. இது உங்க கையில இருக்கிற நல்ல ஆவணம். பெட்டியை அவங்களே அளந்திருக்காங்க. வீணையோட அளவைவிடப் பெட்டி எவ்வளவு பெரிசு, சுத்தி எவ்வளவு மெத்தை இடம் இருந்ததுன்னு அவங்க ரசீதுலயே இருக்கு.

பெரிய ஹப்புகள்ல (சரக்கு பிரிக்கிற மையங்கள்) பெட்டி பெல்ட்டுல போகும்போதே நீளம், அகலம், உயரம், எடையை எடுத்து மேலிருந்து படமும் பிடிக்கிற இயந்திரம் இருக்கும். எடைத் தகராறு வந்தா அந்தப் படத்தைத்தான் காட்டுவாங்க. எழுத்துல கேளுங்க: ஒவ்வொரு ஹப்பிலயும் எடுத்த படம், ஸ்கேன் வரலாறு, "டேமேஜ்" குறிப்பு ஏதாவது போட்டிருந்தா அதோட நேரம். தஞ்சாவூர் படத்துல மூலை நல்லா இருந்து கடைசி ஹப் படத்துல நசுங்கியிருந்தா விவாதம் அங்கேயே முடியுது. குடுக்கலைன்னா, கேட்டும் குடுக்கலைன்னு பின்னாடி நுகர்வோர் ஆணையத்துல சொல்லலாம். இந்தப் படங்களை ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க, தாமதிக்காம கேளுங்க.

#6 · பலாமரம் · 5 அக்டோபர், மாலை 4.48

வீணை பேக்கிங் தெரிந்தவன் என்ற முறையில் சிலது. ஆய்வுக்கு யாராவது வந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தந்திகள் ஏழும் தளர்த்தப்பட்டிருந்தனவா, முழு இழுப்பில் இருந்தனவா? முழு இழுப்பில் அனுப்பினால் சின்ன அடிக்கே குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்) மேல்பலகையில் அழுந்தும். குதிரை கழற்றித் தனியே பொதியப்பட்டிருந்ததா? தண்டியின் (நீண்ட கழுத்துப் பகுதி) அடியில் இருக்கும் சுரைக்காய் திருகிக் கழற்றப்பட்டிருந்ததா? பெட்டி அட்டை மூன்று பிளையா (அடுக்கா), ஐந்து பிளையா? வெட்டின ஓரத்தைக் கிட்டப்போய்ப் படமெடுத்தால் அலை அடுக்குகளை எண்ணலாம்; இரண்டு அலை என்றால் ஐந்து பிளை. குடத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து செ.மீ. ஃபோம் வேண்டும். தண்டிக்கு அடியில் முட்டு இருக்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் பெட்டி நிமிர்த்தி வைக்கப்படும்போது முழு எடையும் யாளி முனையில் விழும். கசக்கின செய்தித்தாள் மெத்தையாகாது. ஒரே குலுக்கலில் அமுங்கி இடம் விட்டுவிடும்.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது என்பதை வாதமாக வைக்க வேண்டாம். ஸ்டிக்கர் ஒரு மில்லிமீட்டர் அடியையும் தாங்காது, அவர்கள் வக்கீல் அதைத்தான் சொல்வார். ஃபோமின் கனம்தான் பேசும்.

இன்னொன்று முக்கியம். மெட்டு நகர்ந்ததைக் கிளெய்மில் சேர்க்காதீர்கள், அல்லது தனி வரியாக வையுங்கள். மெட்டு பதிக்கும் மெழுகு வெயிலில் இளகும். மூடிய லாரிக்குள் இளகியது பொருளின் இயல்பு, அடிபட்டதால் வந்த சேதமல்ல. இரண்டையும் கலந்தால், "வெப்பத்தால் வந்தது" என்று மொத்தத்தையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். விரிசலும் சில்லும் மெழுகால் வராது.

மதிப்பீடு வாங்கும்போது "விரிசல் ஒட்ட இவ்வளவு" என்று மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது. ஏகாண்டம் என்பதே குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. குடம் விரிந்தால் ஒட்டினாலும் நாதம் பழையபடி வராது, மறுவிற்பனை விலையும் விழும். ஒட்டும் செலவு, மெருகு, மதிப்புக் குறைவு மூன்றும் தனித்தனியாக வேண்டும். கைவினைஞர் ஒருவரின் லெட்டர்பேடில், தேதியோடு.

#7 · முறையீடு · 6 அக்டோபர், காலை 6.55

சட்டப் பக்கம். 1,000 ரூபாய் உச்சவரம்புதான் இங்கே உண்மையான சண்டை.

தரைவழி என்பதால் 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வருகிறது. அதில் "பொதுச் சரக்கேற்றுநர்" என்ற வரையறைக்குள் வீட்டுக்கு வீடு எடுத்துச்செல்லும் கூரியர் நிறுவனமும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூரியருக்கு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸில் இதை மறக்காமல் எழுத வேண்டும். நாங்கள் லாரி கம்பெனி அல்ல என்று சொல்லி நழுவுவது வழக்கம்.

பிரிவு 12(2): சேதம் கவனக்குறைவால் வந்தது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்கத் தேவையில்லை. 1865-ம் ஆண்டுப் பழைய சட்டத்திலும் இதே விதி இருந்தது. அது நுகர்வோர் மன்றங்களுக்கும் பொருந்தும் என்று படேல் ரோட்வேஸ் – பிர்லா யமஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது. ஆக, நல்லபடியாக வாங்கிய பொருள் உடைந்து வந்தது என்று காட்டினால் விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது.

பிரிவு 10 மற்றும் 2011-ம் ஆண்டு விதிகளில் 12-வது: கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாதபோது பொறுப்பின் உச்சவரம்பு செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கு, ஆனால் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. உங்கள் கணக்கில் 18,500. சட்டமே அந்த வரம்பை வைத்திருக்கும்போது ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்து அதை 1,000 ஆக்க முடியாது என்பதே நம் வாதம். கொள்ளளவு எடையால் கட்டணம் ஏறியது இங்கே உங்களுக்குச் சாதகம்.

எதிர்வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாரதி நிட்டிங் – டி.எச்.எல். வழக்கில் (1996) கையெழுத்திட்ட ரசீதில் இருந்த 100 டாலர் வரம்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு கூரியர் வக்கீலும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். அந்தத் தீர்ப்பு அனுப்பியவரின் கையெழுத்தை வைத்து நின்றது. அதனால் கேள்வி: உங்கள் ரசீதில் அனுப்பியவர் கையெழுத்து இருக்கிறதா, விதிகள் அவர் கையில் கொடுக்கப்பட்டனவா, அல்லது கவுன்டரில் பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டார்களா? அனுப்பியவர் பிரதியை இன்றே வாங்கிப் பாருங்கள்.

"ஓனர் ரிஸ்க்" பற்றி: நாத் பிரதர்ஸ் – பெஸ்ட் ரோட்வேஸ் (2000). உரிமையாளர் ரிஸ்கில் அனுப்பினாலும் கவனக்குறைவுக்குச் சரக்கேற்றுநர் பொறுப்பு. அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

#8 · சரக்குமேசை · 6 அக்டோபர், காலை 10.15

அனுப்பியவர் பிரதியில இன்னொண்ணும் பாருங்க. கட்டணப் பிரிவுல "எஃப்.ஓ.வி."ன்னு ஒரு வரி இருக்கா? பொருளோட மதிப்பு மேல போடுற கட்டணம் அது. இன்சூரன்ஸ் இல்லை, நிறையப் பேர் அப்படி நினைச்சுக்கிறாங்க. ஆனா அதை வாங்கியிருந்தா "மதிப்பு எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாது. மதிப்பு கட்டத்துல 38,000 எழுதியிருக்காங்களான்னும் பாருங்க. பலர் அங்கே 500, 1000-ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்படி எழுதியிருந்தா பத்து மடங்கு வாதமும் அந்தத் தொகையோட நின்னுடும்.

#9 · குடமும்தண்டியும் · 6 அக்டோபர், மாலை 6.02

பிரதி வாட்ஸப்ல வந்துச்சு. மதிப்பு 38,000ன்னு இருக்கு. கையெழுத்துக் கட்டம் காலி. எஃப்.ஓ.வி. 76 ரூபாய். பில் கையால எழுதினது, அவருக்கு ஜி.எஸ்.டி. பதிவே கிடையாது.

#10 · முறையீடு · 6 அக்டோபர், இரவு 9.20

கையெழுத்துக் கட்டம் காலி என்பது பெரிய விஷயம். ரசீதின் அசலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. காரணம் நிற்காது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாதவர் வரி இன்வாய்ஸ் கொடுக்கவே கூடாது. தவிர, கையால் செய்யும் உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு வரி விலக்கு; அவற்றை மட்டும் விற்பவர் வேறு மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு தேவையில்லை. பதிவு இருந்தாலும் அவர் கொடுப்பது வழங்கல் பில்தான். மதிப்பு 50,000-க்குக் கீழே என்பதால் இ-வே பில்லும் (சரக்கு எடுத்துச்செல்லும் மின் சீட்டு) தேவையில்லை. கை பில்லோடு பணம் அனுப்பிய வங்கி அல்லது யு.பி.ஐ. பதிவை இணையுங்கள். தேதியும் தொகையும் பொருந்தினால் போதும்.

#11 · தபால்பெட்டி · 7 அக்டோபர், காலை 8.33

டெலிவரி தேதியிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்கணும், அவசரமில்லை, பிப்ரவரி நடுவாக்கில் வரைக்கும் இருக்கே.

#12 · முறையீடு · 7 அக்டோபர், காலை 9.01

இல்லை. பிரிவு 16-ன்படி 180 நாள் புக்கிங் தேதியிலிருந்து. ஆகஸ்ட் 12-லிருந்து எண்ணினால் 2026 பிப்ரவரி 8, அதுவும் ஞாயிறு. அனுப்பினால் போதாது, அவர்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு நாள்கணக்கில் விழுந்த வழக்குகளை மீட்பது கடினம், அதனால் இந்த மாதமே முடித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது என்பதை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

#13 · தபால்பெட்டி · 7 அக்டோபர், பகல் 12.10

சரிங்க சார், புரிஞ்சது. நோட்டீஸ் பதிவுத் தபால்லயா அனுப்பணும்? அதை நிறுத்திட்டாங்களே?

#14 · சரக்குமேசை · 7 அக்டோபர், பகல் 1.45

செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோட சேர்ந்துடுச்சு. இப்போ ஸ்பீட் போஸ்ட் போடும்போது "ரிஜிஸ்ட்ரேஷன்" வேணும்னு கவுன்டர்ல சொல்லிக் கேக்கணும். அக்டோபர் 1 முதல் அதுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதல். அப்பதான் முகவரிக்காரர் அல்லது அவர் அதிகாரம் குடுத்தவர் கையில மட்டும் குடுப்பாங்க. சொல்லாம விட்டா சாதாரண ஸ்பீட் போஸ்டாப் போயிடும். ரசீது, டிராக்கிங் பக்கத்தோட பிரின்ட், டெலிவரிச் சான்று மூணையும் வைங்க.

ரெண்டு முகவரிக்கு அனுப்புங்க: கம்பெனியோட பதிவு அலுவலகம் (கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல பேரைப் போட்டா வரும்), புக்கிங் பண்ணின தஞ்சாவூர் கிளை. ஃபிரான்சைஸ் கடை பேர்ல மட்டும் அனுப்பிட்டு நின்னுடாதீங்க. மெயில்ல குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி.

#15 · முறையீடு · 8 அக்டோபர், காலை 7.10

நோட்டீஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை. பொருளடக்கம் இது போதும், ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை:

"தங்கள் ரசீது எண் …, தேதி 12.8.2025, அறிவித்த மதிப்பு ரூ.38,000, கட்டணம் ரூ.1,850. பெட்டியைப் பெற்றபோது பேக்கிங் குறித்துத் தாங்கள் எந்தக் குறிப்பும் எழுதவில்லை. 18.8.2025 அன்று பெட்டி மூலை நசுங்கி, உள்ளே குடம் விரிசலுடன் வழங்கப்பட்டது. அன்றே படங்களுடன் தெரிவித்தேன். ஆய்வுக்கு அழைத்தும் யாரும் வரவில்லை. தங்கள் 26.9.2025 கடிதத்தின் காரணங்களை ஏற்கவில்லை. இது சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16-ன் கீழான அறிவிப்பும் ஆகும். இழப்பு ரூ.…, கட்டணம் ரூ.1,850 ஆகியவற்றை 15 நாளுக்குள் வழங்கவும். ஹப் படங்களையும் ஸ்கேன் பதிவுகளையும் அழிக்காமல் பாதுகாத்து நகல் தரவும்."

அனுப்பியவர் கைவினைஞர்; சட்டப்படி சரக்கேற்றுநரின் பொறுப்பு அனுப்பியவருக்கு. ஆகவே நோட்டீஸில் இருவரும் கையெழுத்திடுவது நல்லது. நீங்கள் அந்தச் சேவையின் பயனாளி என்ற முறையில் நுகர்வோர்தான். இருந்தாலும் "உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை" என்ற ஆட்சேபத்துக்கு இடம் வைக்க வேண்டாம். அவர் தனியாக மனு போட்டால் "வணிக நோக்கம்" என்பார்கள், அதனால் மனுதாரராக நீங்கள் முன்னே நிற்பது மேல்.

#16 · தபால்பெட்டி · 8 அக்டோபர், மாலை 5.26

நடுவுல ஒரு கேள்வி. இதே வீணை ஸ்பீட் போஸ்ட்லயோ ரயில் பார்சல்லயோ வந்திருந்தா?

#17 · முறையீடு · 8 அக்டோபர், இரவு 8.44

கதை வேறு. 2007 சட்டத்தின் வரையறையில் அரசு சேராது, எனவே தபாலுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2023-ம் ஆண்டு அஞ்சலகச் சட்டப்படி (2024 ஜூன் 18 முதல் நடப்பில்) விதிகள் சொல்லும் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. ஸ்பீட் போஸ்ட் சேதத்துக்கு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. விலையுள்ள பொருள் என்றால் கவுன்டரிலேயே காப்பீடு சேர்க்க வேண்டும்.

ரயில் என்றால் நுகர்வோர் ஆணையம் அல்ல, ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மதிப்பு அறிவித்துச் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான். நோட்டீஸ் ஆறு மாதத்துக்குள். ஆனால் ரயிலில் ஒரு நல்ல உரிமை உண்டு: பெட்டி சேதமாக வந்தால் பிரிவு 81-ன்படி திறந்து பார்த்து வாங்கும் "ஓபன் டெலிவரி" கேட்கலாம், அவர்கள் தர வேண்டும். கூரியரில் அப்படிச் சட்ட உரிமை இல்லாததால்தான் ஓ.டி.பி. சொல்வதற்கு முன்பே பெட்டியை ஆறு பக்கமும் படமெடுப்பது அவ்வளவு முக்கியம்.

#18 · சரக்குமேசை · 9 அக்டோபர், காலை 7.35

விமானத்துல வெளிநாடு போன சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம். சேதம்னா பெற்ற 14 நாளுக்குள்ள எழுத்துல புகார், இல்லைன்னா உரிமை போச்சு. வரம்பு எடைக் கணக்குல. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.போட கணக்கு அலகு). சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் வீணை அனுப்புறவங்க இதைக் குறிச்சுக்கங்க. 14 கிலோ வீணைக்கு இந்த வரம்பு பரவாயில்லாத தொகை, ஆனா 14 நாள் சீக்கிரம் ஓடிடும்.

#19 · முறையீடு · 25 அக்டோபர், மாலை 6.15

15 நாள் முடிந்தும் பதில் வராதவர்களுக்காகத் தாக்கல் பகுதியைப் போட்டு வைக்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிவு செய்யலாம். அது கட்டுப்படுத்தாது, ஆனால் சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்கான மனு இப்போது இ-ஜாக்ருதி இணையதளத்தில். "இ-தாக்கில்" என்ற பழைய தளத்துக்கான வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே தாக்கல் செய்யலாம், பிரிவு 34(2)(ஈ). "மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டும்" என்ற ரசீது வரி இதைத் தடுக்காது. நடுவர் மன்ற விதியும் தடையல்ல. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. மாவட்ட ஆணைய வரம்பு இப்போது 50 லட்சம். ஒரு கோடி என்று பழைய பதிவுகளில் இருப்பது 2021 டிசம்பரோடு மாறிவிட்டது.

இணைப்புகள்: தேதிப் பட்டியல், மனு, நோட்டரி செய்த பிரமாணம், ரசீது, பில், பணம் அனுப்பிய பதிவு, படங்கள், மதிப்பீடு, நிராகரிப்புக் கடிதம், நோட்டீஸ், டெலிவரிச் சான்று. பெட்டி பிரித்த வீடியோ இருந்தால் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் சான்றிதழோடு பென் டிரைவில். மூலக் கோப்பை போனிலேயே விட்டுவையுங்கள், வாட்ஸப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும்.

மனுவில் "சேவைக் குறைபாடு" என்று கேளுங்கள். "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அறிவிக்கும்படி மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். அது மாநில ஆணையத்தின் அதிகாரம், அதைப் பிடித்துக்கொண்டு மனுவையே தள்ளப் பார்ப்பார்கள். தொகையை இரண்டு அடுக்காகக் கேளுங்கள்: முழு இழப்பு, மாற்றாகக் குறைந்தபட்சம் 18,500. கட்டணத் திருப்பம், வட்டி, மன உளைச்சல், வழக்குச் செலவு தனி.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் கூரியர் நிறுவனம் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் மட்டும். 45-க்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. நாளைக் குறித்து வைத்து, 46-வது நாளில் அதை எடுத்துச் சொல்லுங்கள். சட்டத்தில் மூன்று மாதம் என்று இருந்தாலும் நடப்பில் அதைவிட நீளும்.

#20 · குடமும்தண்டியும் · 3 நவம்பர், காலை 10.40

ஹப் படம் தரலை. ஆனா நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அடுத்த வாரம் போன் வந்தது. முதல்ல 5,000, இப்போ 18,500 தர்றோம்ங்கிறாங்க. மதிப்பீட்டுல ஒட்டுறதுக்கும் மெருகுக்கும் 9,500, மதிப்புக் குறைவு 14,000. மெழுகு வேலையைச் சேர்க்கலை. வாங்கிக்கலாமா? ஏதோ கடிதத்துல கையெழுத்துக் கேக்குறாங்க.

#21 · பலாமரம் · 3 நவம்பர், பகல் 12.22

விரிசலை ஒட்டுவதை மழைக்காலம் முடியும் வரை தள்ளிப்போடுங்கள். ஈரப்பதத்தில் பலாக்கட்டை உப்பியிருக்கும். இப்போது ஒட்டினால் கோடையில் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கும்.

#22 · முறையீடு · 3 நவம்பர், இரவு 7.50

மொத்தம் 23,500 இழப்பில் 18,500 என்பது சட்ட வரம்பு முழுவதும். வழக்குப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது மன உளைச்சலுக்கான தொகையும் வழக்குச் செலவும்தான், அது ஆணையத்தின் விருப்பம். நானாக இருந்தால் கட்டணம் 1,850-ஐயும் சேர்த்து 20,350 கேட்பேன், கிடைத்தால் முடித்துக்கொள்வேன்.

கடிதத்தில் மூன்று வரி பாருங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும். பணம் எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில். "முழுமையான இறுதித் தீர்வு" என்பதற்கு முன்னால் "மேற்கண்ட தொகை கணக்கில் வரவான பிறகே" என்ற சொற்கள். அவை இல்லாமல் கையெழுத்திட்டால் பணம் வராமலேயே உரிமை முடிந்துவிடும். திருத்தித் தர மறுத்தால் நீங்களே பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, அந்தப் படத்தை மெயிலில் அனுப்புங்கள். பணம் வரும்வரை பிப்ரவரி 8 கணக்கைப் பற்றிக் கவலையில்லை, நோட்டீஸ் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. வீணையையும் பெட்டியையும் மட்டும் அப்படியே வைத்திருங்கள்.